‘கொஞ்சம் நடப்பேன்’ என்று சொல்லாதீர்கள்

போன டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், கிங் ஷாகா விமான நிலையத்தில் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவருக்காகக் காத்திருந்தேன். என் தோழிக்கு உறவு. என்னைப் போலவே சிறு வயதில் போலியோ வந்தவர். இடது காலில் காலிப்பர் என்னும் தாங்குசட்டம், கையில் ஊன்றுகோல். அந்த விமானத்தில் வந்தவர்களில் கடைசி ஆளாக வெளியே வந்தார். இரண்டு உள்ளங்கையும் சிராய்ந்திருந்தன.

“வழியில பிளேன் மாறும்போது படியில இறங்க வேண்டியதாப் போச்சுக்கா.”

டிக்கெட் போடும்போது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“கொஞ்சம் நடப்பேன்னு சொன்னேன்.”

திருநெல்வேலியிலிருந்து முதன்முதலாக இந்த ஊருக்கு வேலைக்குக் கிளம்பியபோது நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான், நம்மைப் போல நடக்கச் சிரமப்படுகிறவர்கள் வெளிநாட்டுப் பயணத்தில் செய்யும் தவறுகளைப் பற்றி இதை எழுதுகிறேன். பாஸ்போர்ட், விசா, காப்பீடு பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குள் நான் போகவில்லை.

தேவையைக் குறைத்துச் சொல்வது

இந்தத் தவறை யார் செய்தாலும் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நாம் ‘வீல்சேர் வேண்டும்’ என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோம். விமான நிறுவனங்களின் கணக்கில் அது மூன்று வகை. டபிள்யூ.சி.எச்.ஆர். என்று பதிந்தால், உங்களால் படி ஏறி இறங்க முடியும், நெடுந்தூரம் நடப்பதுதான் சிரமம் என்று அர்த்தம். டபிள்யூ.சி.எச்.எஸ். என்றால் படி ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் இருக்கை வரை நடந்துவிடுவீர்கள். டபிள்யூ.சி.எச்.சி. என்றால் இருக்கை வரைக்குமே உதவி வேண்டும். மாறுவது கடைசி எழுத்து மட்டும்தான். ஆனால் உங்களுக்காக ஆம்புலிஃப்ட் வருமா, வராதா என்பது அந்த எழுத்தில் இருக்கிறது. விமானக் கதவு உயரத்துக்கு அப்படியே மேலெழும்பும் வண்டிக்குத்தான் அந்தப் பெயர்.

‘கொஞ்சம் நடப்பேன்’ என்றால் டிக்கெட் போடுபவர் ‘ஆர்’ என்று பதிவார். அவர் மேல் தப்பில்லை. நாம் சொன்னது அதுதான்.

எனக்கு நடந்தது ஒரு வளைகுடா விமான நிலையத்தில், நள்ளிரவில். விமானத்தைக் கட்டடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி நிறுத்திவிட்டார்கள். கதவில் படிக்கட்டு, கீழே பேருந்து. கையில் பட்டியலோடு நின்ற பெண், “உங்களுக்குப் படி இறங்க முடியும் என்றுதான் இருக்கிறது” என்றார். ஆம்புலிஃப்ட் கேட்டேன். வர நேரமாகும், அடுத்த விமானம் போய்விடும் என்றார்கள். சரி, இறங்கிவிடலாம் என்று முடிவெடுத்தேன். உட்கார்ந்து, ஒவ்வொரு படியாக. அந்த நேரத்திலும் இரும்புப் படி சூடு ஆறவில்லை. பாதி வழியில் காலிப்பரின் முழங்கால் பூட்டு படி விளிம்பில் மாட்டி வளைந்துபோனது. பின்னால் முன்னூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். டர்பனில் அந்தப் பூட்டைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது; டிக்கெட் விலையில் பாதி அதற்கே போயிற்று. சேர வேண்டிய வேலையில் அந்த மூன்று வாரமும் சேர முடியவில்லை.

ஏன் அப்படிச் சொல்கிறோம்? கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் ‘பரவாயில்ல, நான் சமாளிச்சுக்குறேன்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்று வளர்ந்துவிட்டோம். வீட்டில் எந்தப் படி உயரம், எந்தக் கைப்பிடி ஆடும் என்று நமக்குத் தெரியும்; சமாளிக்கிறோம். பத்து மணி நேரம் உட்கார்ந்து, கால் வீங்கி, தூக்கம் கெட்டு, தெரியாத ஊரில் இறங்கும்போது இருக்கும் உடம்பு வேறு. அந்த நேரத்து உடம்பை நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

“எனக்குப் படி ஏற முடியாது.” இவ்வளவுதான் வாக்கியம். டிக்கெட் போடும்போதே சொல்லுங்கள். பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது போன் செய்து, எந்தக் குறியீடு பதிந்திருக்கிறது என்று கேளுங்கள். முதல் விமானத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். நடுவில் நிறுவனம் மாறினால், முதலாமவரிடம் சொன்னது இரண்டாமவருக்குப் போய்ச் சேராமலே இருக்கலாம். பதிலை மின்னஞ்சலில் வாங்கி, அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பேட்டரிக் கணக்கு தெரியாமல் வருவது

மடக்கு மின் நாற்காலியில் கழற்றும் லித்தியம் பேட்டரி இருந்தால், அதைக் கழற்றிக் கையோடு விமானத்துக்குள் கொண்டுபோக வேண்டும். ஒற்றைப் பேட்டரிக்கு உச்ச வரம்பு 300 வாட்-அவர். இரண்டு பேட்டரி நாற்காலி என்றால் ஒவ்வொன்றும் 160. வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர் வரும். 24 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் என்றால் 240, பிரச்சினை இல்லை. அதே 24 வோல்ட்டில் 20 ஆம்பியர்-அவர் என்றால் 480, ஏற்ற மாட்டார்கள். நாற்காலி வாங்கும் கடையிலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். விமான நிறுவனத்தின் அனுமதியும் முன்கூட்டியே வேண்டும்.

சார்ஜருக்கு ஒரு வார்த்தை. நம் ஊரில் ஏசி, கீசருக்கு மாட்டுகிறோமே, அந்தப் பெரிய மூன்று ஊசி பிளக், தென்னாப்பிரிக்காவில் சுவரில் பெரும்பாலும் அதற்கான துளைகள்தான். சிறிய பிளக் இதில் நிற்காது. அடாப்டரை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

நாற்காலியைக் கவுண்ட்டரிலேயே ஒப்படைப்பது

விமானக் கதவு வரை உங்கள் நாற்காலியிலேயே போகக் கேளுங்கள். மெத்தை, கால்தாங்கி, கழன்று வரும் எதுவானாலும் உங்களோடு உள்ளே வரட்டும்.

மருந்தைப் பெரிய பெட்டியில் போடுவது

கைப்பையில். டாக்டர் கடிதத்தோடு.

தண்ணீர் குடிக்காமல் வருவது

கழிப்பறைக்குப் போக முடியாதே என்று பயந்து முதல் நாளிலிருந்தே தண்ணீரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். நீண்ட நேரம் அசையாமல் உட்காரும் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏற்கெனவே உண்டு. சிறுநீர்த் தொற்றும் இப்படித்தான் தொடங்குகிறது. பெரிய விமானங்களில் இருக்கை வரிசைக்கு நடுவே போகும் ஒடுங்கிய நாற்காலி பெரும்பாலும் இருக்கும். கேட்டால்தான் எடுப்பார்கள். ஏறியவுடனே கேளுங்கள்.

‘வசதி உண்டு’ என்பதை நம்புவது

தங்கப்போகும் இடத்தில் அப்படிச் சொன்னால் திருப்பிக் கேளுங்கள்: கதவு எத்தனை சென்டிமீட்டர்? குளியலறைப் படம் எங்கே?

வந்தும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவது

டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் அந்தத் தம்பி தங்கிய வீட்டு அம்மாவுக்குப் பாசம் அதிகம். அந்தக் காலத்தில் இங்கே கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர்களின் வழிவந்தவர். தமிழில் அவரிடம் மிஞ்சியிருப்பது பத்துப் பதினைந்து சொற்கள், அதில் ஒன்று ‘உட்காரு’. முதல் வாரம் முழுக்கத் தம்பி உட்கார்ந்தே இருந்தார். எல்லாரும் கிளம்பும்போது அவருக்கு மட்டும் சாப்பாடு மூடி வைத்துவிட்டுப் போவார்கள். அவரும் சரி என்பார். விமானத்தில் சொன்ன அதே ‘பரவாயில்லை’.

முதலில் டர்பன் கடற்கரை நடைபாதைக்கு அழைத்துப்போனேன். நீளமாக, மட்டமாக இருக்கும் பாதை. ஊன்றுகோலை வண்டியில் வைத்துவிட்டு என் பழைய சக்கர நாற்காலியில் இரண்டு மணி நேரம் தானே தள்ளிக்கொண்டு போனார். அதன் பிறகு கேப் டவுன் டேபிள் மலைக்குப் போக வேண்டும் என்று அவராகவே சொன்னார். அங்கே கேபிள் காரில் சக்கர நாற்காலியோடு ஏறலாம். 65 பேர் கொள்ளும் பெட்டி. மேலே நிலையம் 1,067 மீட்டர் உயரத்தில். கோடையில் தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் இரண்டு மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு போகச் சொன்னேன்.

டிக்கெட்டை என் எதிரில்தான் போட்டார். போனில், “படி ஏற முடியாது” என்று இரண்டு முறை சொன்னார். இரண்டாவது முறை குரல் தெளிவாக இருந்தது.

இரண்டு நாள் காற்று. மூன்றாம் நாள் காலை கேபிள் காருக்குள்ளிருந்து போனில் கூப்பிட்டார். பெட்டியின் தரை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றும். நின்ற இடத்திலேயே எல்லாத் திசையும் பார்க்கலாம் என்று நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

“அக்கா, தரையே சுத்துதுக்கா! கடல் தெரியுது!”