பெர்மாங்கனேட் டைட்ரேஷனை செல்போனில் எடுத்து வகுப்பில் காட்டுவது எப்படி?

டைட்ரேஷன், அதாவது பியூரெட் என்ற அளவுக்குழாயிலிருந்து ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக இன்னொன்றில் விட்டு அளவு காண்பதை, செய்து காட்டும்போது முண்டியடித்து முன்னால் நிற்கும் ஐந்தாறு பேருக்குத்தான் முடிவு நிலை (வினை முடிந்து நிறம் மாறி நிற்கும் கணம்) கண்ணில் படும். மற்றவர்கள் "வந்துடுச்சு சார்" என்று முன்னால் நிற்பவன் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டுவார்கள். அப்புறம் தங்கள் முறை வரும்போது பெர்மாங்கனேட்டைத் திறந்துவிட்டு, குடுவையைக் கத்தரிப்பூ நிறத்துக்குக் கொண்டுபோய்விட்டு, அதையே அளவாக எழுதுவார்கள்.

இதற்கு முழுநீள வீடியோ பாடம் வேண்டாம். கண்ணால் தீர்மானிக்க வேண்டிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு நிமிடத்துக்குள் ஒரு துண்டு வீடியோ, அதுவும் உங்கள் பள்ளி பியூரெட்டில் உங்கள் லேப் வெளிச்சத்தில் எடுத்தது, போதும். யூடியூபில் தேடினால் நிறையக் கிடைக்கும். ஆனால் பாதிக்கு மேல் முன்னுரையும் பின்னணி இசையும் ஓடும், நமக்கு வேண்டிய அந்தக் கடைசிச் சொட்டில் கேமரா எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆக்சாலிக் அமிலம் – பெர்மாங்கனேட் சோதனையை வைத்துச் சொல்கிறேன். குடுவையில் நிறமில்லாத அமிலம், பியூரெட்டில் ஊதா நிறப் பெர்மாங்கனேட்; அமிலம் தீரும்வரை விழும் நிறம் மறையும், தீர்ந்ததும் இளஞ்சிவப்பு நிற்கும். கரைசல் தயாரிப்பது, பியூரெட் கழுவுவதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தாண்டிப் போகிறேன்.

1. போனை நிறுத்துங்கள்

ட்ரைபாட் வாங்க வேண்டாம். லேபில் இருக்கும் இரும்புத் தாங்கியும் கிளாம்ப்பும் போதும், போன் கீறாமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் வையுங்கள். லென்ஸ் குடுவையில் உள்ள கரைசலின் மட்டத்தில், பக்கவாட்டில் இருக்க வேண்டும். மேலிருந்து எடுக்காதீர்கள். ஆக்சாலிக் அமிலத்தை 60–70 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கியிருப்போம், ஆவி லென்ஸில் படிந்துவிடும். குடுவைக்கு அடியில் வெள்ளை டைல், பின்னால் வெள்ளை சார்ட்.

2. நிறத்தைப் பூட்டுங்கள்

எல்லாரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

எல்லாம் சரியாக வைத்து எடுத்தாலும் வீடியோவில் இளஞ்சிவப்பு வராது. நேரில் தெளிவாகத் தெரிந்த நிறம் திரையில் வெறும் சாம்பல் வெள்ளையாக நிற்கும். காரணம் போனின் கெட்டிக்காரத்தனம். காட்சியில் லேசாகச் சிவப்பு ஏறினால், அது விளக்கு வெளிச்சத்தால் வந்த சாயல் என்று நினைத்துக்கொண்டு தானாகவே அதைக் கழித்துவிடும். கூடவே, பின்னணி முழுக்க வெள்ளையாக இருப்பதால் படத்தையும் இருட்டாக்கும். நாம் காட்ட நினைப்பதும் அது அழிக்க நினைப்பதும் ஒரே நிறம்தான்.

ஆகவே ஆட்டோவை விடுங்கள். போனின் கேமராவில் எல்லாவற்றையும் நாமே மாற்றிக்கொள்ளும் ப்ரோ மோட் வீடியோவுக்கும் இருந்தால் நல்லது, இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் ஓப்பன் கேமரா என்ற இலவச ஆப் போட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது அதுதான், விளம்பரத் தொல்லை கிடையாது. வெறும் டைலையும் நிறமில்லாத கரைசலையும் காட்டி, வெள்ளை வெள்ளையாகத் தெரியும்போது ஒயிட் பேலன்ஸை (நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) பூட்டுங்கள். எக்ஸ்போஷரையும் (படத்தின் வெளிச்ச அளவு) ஃபோகஸையும் அப்படியே பூட்டுங்கள். டைல் சாம்பலாகத் தெரிந்தால் எக்ஸ்போஷரை ஒரு படி ஏற்றிவிட்டுப் பூட்டலாம். இவ்வளவும் முதல் சொட்டு விழுவதற்கு முன் முடிந்திருக்க வேண்டும், நடுவில் கை வைத்தால் நிறம் தாவும்.

ஜன்னல் வெளிச்சம் இருந்தால் அதை மட்டும் வைத்து எடுங்கள். ட்யூப்லைட்டில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடலாம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 முறை ஏறி இறங்கும், அதனால் ஷட்டரை (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஒளி விழும் நேரத்தை) 1/50 அல்லது 1/100 வினாடி என வைத்தால் பட்டை அடங்கிவிடும். ஜன்னலையும் மஞ்சள் பல்பையும் கலக்கவே கூடாது.

3. எதையெல்லாம் எடுப்பது

முதல் துண்டு: முதல் சில சொட்டுகள். சூடான கரைசலிலும் தொடக்கத்தில் நிறம் போக நேரமாகும், போகப்போக விழுந்த உடனே மறையும். வினையில் உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாகி விடுவதுதான் காரணம். புத்தகத்தில் தன்வினையூக்கம் என்று ஒரு வரியில் போய்விடும் விஷயம் இங்கே கண்முன்னால் நடக்கும், இதை வெட்டாமல் முழுசாக வையுங்கள்.

இரண்டாவது, முடிவு நிலை. பியூரெட்டில் ஒரு சொட்டு என்பது ஏறத்தாழ 0.05 மி.லி. கடைசிச் சில சொட்டுகளை ஒவ்வொன்றாக விட்டு, குடுவையைச் சுழற்றி, பழைய இடத்திலேயே வைத்து எடுங்கள். நிறம் அரை நிமிடம் நின்றால் அதுதான் முடிவு. அதோடு நிறுத்தாமல் வேண்டுமென்றே இன்னும் ஒரு மி.லி. விட்டு, தாண்டிப்போன நிறத்தையும் எடுத்துவிடுங்கள். முடிவுக்கு முன், முடிவில், தாண்டியபின் என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிய ஒரே ஒரு படம், மொத்த வீடியோவையும்விட அதிகம் பயன்படும். அதைக் கலரில் அச்செடுத்து லேப் சுவரிலும் ஒட்டலாம்.

மூன்றாவது, பியூரெட் அளவு. பெர்மாங்கனேட் அடர்நிறம் என்பதால் கீழ்ப்பிறை (கரைசல் மேற்பரப்பு வளைவின் அடிப்பகுதி) தெரியாது, மேல்விளிம்பைப் பார்க்க வேண்டும். லென்ஸை அந்த மட்டத்திலும், கொஞ்சம் மேலேயும், கீழேயும் வைத்து எடுத்தால் ஒரே கரைசலுக்கு மூன்று அளவு வருவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

முடிந்தால் கெட்டுப்போன சோதனையையும் எடுங்கள். நீர்த்த கந்தக அமிலம் போதாமல் போனால் குடுவை பழுப்பாகக் கலங்கும், அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. பிள்ளைகள் செய்முறையில் இது அடிக்கடி நடப்பதுதான், ஏன் என்று கேட்டால்தான் பதில் வராது.

4. வெட்டுவது

கேடன்லைவ் (Kdenlive) என்ற வீடியோ எடிட்டர் போதும், இலவசம். குரல் பதிவே வேண்டாம் என்பது என் கட்சி. பேச வேண்டியது நீங்கள், வகுப்பில், நேரில். குரலும் அதே வாக்கியம் எழுத்தாகவும் சேர்ந்து ஓடினால் கற்பது குறைகிறது என்று கற்றல் பற்றி ஆராயும் உளவியலாளர் ரிச்சர்டு மேயர் போன்றவர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் திரையில் ஓரிரு சொல் மட்டும் போடுங்கள். சில மொபைல் எடிட்டர்களில் தமிழ் அடித்தால் கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறும். அப்போது எழுத்தை ஸ்லைடில் அடித்து, படமாகச் சேமித்து, வீடியோ மேல் ஒட்டிவிடுங்கள்.

5. காட்டுவது

வி.எல்.சி. பிளேயரில் ஓட்டுங்கள். ஸ்பேஸ் பட்டனில் நிறுத்தலாம், ஆங்கில 'E' எழுத்தை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக நகரும். கடைசிச் சொட்டுக்கு முன் நிறுத்தி, "இது விழுந்தால் நிறம் நிற்குமா, போகுமா? காரணத்தோடு ரஃப் நோட்டில் எழுதுங்கள்" என்று சொல்லுங்கள். எல்லாரும் எழுதிய பிறகுதான் ஓட்ட வேண்டும். சத்தமாகப் பதில் சொல்லவிட்டால் முதல் பெஞ்சு சொல்வதையே மற்றவர்களும் சொல்வார்கள். இதைச் செய்முறைக்கு முந்தின நாள் காட்டாதீர்கள், அதே பீரியடில் காட்டிவிட்டு உடனே பியூரெட்டைக் கையில் கொடுங்கள்.

சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் ஓலாப்ஸ் (OLabs) இணையதளம் இருக்கிறதே என்பீர்கள். அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக்கும் செய்தது, நல்ல விஷயம்தான். படிகளின் வரிசையும் கணக்கும் பழக வீட்டிலிருந்தே பயன்படுத்தலாம். ஆனால் திரையில் இருக்கும் பியூரெட் ஒழுகாது, முனையில் காற்றுக்குமிழி நிற்காது. செறிவு என்றால் என்ன என்று புரியவைக்க கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற சிமுலேஷன் தளத்தில் 'மொலாரிட்டி' என்ற ஒன்று இருக்கிறது, கரைபொருள் பட்டியலில் பெர்மாங்கனேட்டும் உண்டு. டவுன்லோடு செய்துகொண்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும்.

பிற்சேர்க்கை

கமென்ட்டில் சிலர் கேட்டதால் சேர்க்கிறேன். வாட்ஸாப் குரூப்பில் அனுப்பியதும் நிறம் வெளுத்துவிட்டது என்றால், வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். வீடியோவாகப் போனால் அது சுருக்கிவிடும், முதலில் அடிபடுவது இந்த மாதிரி மெல்லிய நிறம்தான்.

ஸ்மார்ட் டிவியில் எல்லாமே அடர்சிவப்பாகத் தெரிகிறது என்றவருக்கு: படத் தேர்வு 'விவிட்' என்று இருக்கும், 'ஸ்டாண்டர்டு' ஆக்குங்கள். பழைய புரொஜக்டரில் நேர் எதிர்ச் சிக்கல், ஜன்னலைச் சாத்தாமல் அதில் இளஞ்சிவப்பை எதிர்பார்க்காதீர்கள்.

நிறம் பிரித்தறிய முடியாத மாணவன் ஒருவன் வகுப்பில் இருக்கிறான் என்று ஒரு டீச்சர் எழுதியிருந்தார். வீடியோ அவனுக்குப் பெரிதாக உதவாது. சோதனையின்போது பக்கத்திலேயே அதே அளவு நீர் நிரப்பிய இன்னொரு குடுவையை வைத்து, நிறத்தைத் தேடாமல் எது கொஞ்சம் இருண்டிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், துணைக்கு இன்னொரு மாணவனையும் நிறுத்துங்கள்.

உப்பைச் சுடரில் காட்டி நிறம் பார்க்கும் சுடர் சோதனைக்கும் இதே முறைதான். ஒரே வித்தியாசம், அறையை இருட்டாக்கி எக்ஸ்போஷரை நன்றாகக் குறைத்துப் பூட்ட வேண்டும். இல்லையென்றால் கால்சியத்தின் செங்கல் சிவப்பும் பேரியத்தின் ஆப்பிள் பச்சையும் ஒரே வெள்ளைப் பிழம்பாகத்தான் பதிவாகும்.