பிறநாட்டுத் தன்வரலாறு படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈரானை எனக்கு நெருக்கமாகக் காட்டியது மர்ஜானே சத்ரபி படக்கதையாக எழுதிய தன்வரலாறு. 1979 புரட்சியையும் அதற்குப் பின் பள்ளியில் முக்காடு கட்டாயமானதையும் பத்து வயதுச் சிறுமியின் பார்வையில் சொல்லும் நூல் அது. செய்திப் படங்களில் கூட்டமாக மட்டுமே தெரிந்த மக்கள், அதில் வீட்டுக்குள் சண்டை போட்டார்கள், திரையை இழுத்துவிட்டு விருந்து வைத்தார்கள். படித்து முடித்த வேகத்தில், ஈரானியர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று நண்பர் ஒருவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். முதல் தவறு அதுதான்.

சத்ரபியின் குடும்பம் தெஹ்ரானில் வசதியாக வாழ்ந்த, படித்த, இடதுசாரிச் சார்புள்ள குடும்பம். மகளைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார்கள். 1984இல் வியன்னாவுக்கே அனுப்பிவைக்க முடிந்தது. நான் தெரிந்துகொண்டது அந்த ஒரு வீட்டை. அதை ஒரு நாடாக ஊதிப் பெருக்கியது என் வேலை.

யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்காமல் படிப்பதும் தவறுதான். அந்த நூல் பிரெஞ்சில் எழுதப்பட்டு, 2000 முதல் பிரான்சில் வெளியானது. வெளியாருக்குச் சொல்லும்போது எதை விளக்குவது, எதை விடுவது என்பதெல்லாம் மாறிவிடும். அப்புறம், காலம். அவர் சொல்லும் கதை 1994இல் அவர் ஈரானை விட்டு வெளியேறுவதோடு முடிகிறது. நாம் அதை நேற்றைய செய்தி மாதிரி படித்துவிடுகிறோம்.

இவை சிறிய தவறுகள். ஏற்கெனவே நம்பியதை உறுதிசெய்யும் புத்தகத்தைச் சோதிக்காமல் ஏற்பதுதான் பெரிய வில்லங்கம். ஜோர்டானில் தன் தோழி கௌரவக் கொலைக்குப் பலியானதாக நோர்மா கூரி என்பவர் எழுதிய நூல் ஆஸ்திரேலியாவில் சக்கைப்போடு போட்டது. 2004இல் ஒரு சிட்னி நாளிதழ் விசாரித்தபோது, அவர் குழந்தையிலேயே ஜோர்டானை விட்டுச் சென்று சிகாகோவில் வளர்ந்தவர் என்று தெரிந்தது. அதற்கு முன்பே, கௌரவக் கொலைகளுக்கு எதிராக உள்ளூரில் உழைத்த ஜோர்டான் பெண்கள் நூலின் பிழைகளைச் சுட்டிக்காட்டியிருந்தார்கள். அவர்கள் பேச்சு எடுபடவில்லை. அந்தச் சமூகத்தின் மீது அக்கறைப்பட்ட வாசகர்கள், அந்தச் சமூகத்துப் பெண்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சரி, இனி எதையும் நம்புவதில்லை என்று மறுபக்கம் சாய்வதும் தவறே. குவாத்தமாலாவின் மாயா இனப் பெண் ரிகோபெர்த்தா மென்சூ, 1982இல் பாரிஸில் ஒரு மானுடவியலாளரிடம் தன் கதையைச் சொன்னார். மறு ஆண்டு நூலாக வந்தது. 1992இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. பிறகு டேவிட் ஸ்டோல் என்ற ஆய்வாளர் சில விவரங்கள் பொருந்தவில்லை என்று காட்டினார். மென்சூ பள்ளிக்கூடமே போகாதவர் என்பது சரியல்ல; தம்பியை ராணுவம் கொன்றது உண்மை, ஆனால் அவர் நேரில் பார்த்ததாகச் சொன்ன விதத்தில் அல்ல என்றார் ஸ்டோல். “அப்படியானால் எல்லாமே பொய்” என்று புத்தகத்தை மூடியவர்கள் பலர். ஆனால் ஐ.நா. ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் தந்த அறிக்கை வேறு கதை சொன்னது. உள்நாட்டுப் போரில் கொல்லப்பட்டோரும் காணாமல் போனோரும் 2,00,000-க்கும் மேல் என்று அது மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதம் பேர் மாயா மக்கள். ஒருவரின் நினைவில் பிசகு இருக்கலாம். தன் ஊராருக்கு நடந்ததையும் அவர் தன் கதையாகச் சொல்லியிருக்கலாம். அதைச் சரிபார்க்க இன்னொரு ஆவணத்தைப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, புத்தகத்தைப் படித்துவிட்டு, அந்த நாட்டுக்காரர் ஒருவரைச் சந்தித்ததும் “உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?” என்று கேட்காதீர்கள். நான் கேட்டிருக்கிறேன். அவர் முகம் போன போக்கை இங்கே எழுத விருப்பமில்லை.

சத்ரபியின் நூலைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தேன். அதில் மெஹ்ரி என்று ஒரு வேலைக்காரப் பெண் வருகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் மீது அவளுக்குக் காதல். அவள் வேலைக்காரி என்று தெரிந்ததும் அவன் விலகிக்கொள்கிறான். முதல் முறை படித்தபோது அந்தப் பக்கங்களைச் சும்மா தாண்டிப் போயிருக்கிறேன். மெஹ்ரிக்கு எழுதத் தெரியாது. அவளுடைய காதல் கடிதங்களையும் அந்த வீட்டுச் சிறுமிதான் எழுதித் தந்தாள்.