சுப்ஹுந்தீவோவுக்கு ‘தொமார்’ ஒன்று போதும்

ஸ்பானிஷ் படிக்கிற நம்மவர்கள் இறந்தகாலம் வரைக்கும் தைரியமாக வந்துவிடுகிறார்கள். ‘சுப்ஹுந்தீவோ’ (நடப்பதைச் சொல்லாமல், விரும்புவதையும் ஐயப்படுவதையும் சொல்ல வினை எடுக்கிற தனி வடிவம்) என்று ஒரு பாடம் வந்ததும் தயங்கி நிற்கிறார்கள். ஆசை, ஐயம், கோபம், வியப்பு என்று புத்தகம் நீட்டுகிற பட்டியல்தான் பயமுறுத்துகிறது என்பது என் கட்சி. பட்டியலை ஓரமாக வையுங்கள். ஒரே ஒரு வினையை முழுசாகக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்துக்கு வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருவது ‘தொமார்’. எடுப்பது என்று அகராதி சொல்லும். மெக்சிகோவில் தண்ணீர் குடிப்பது, மாத்திரை போடுவது, பஸ் பிடிப்பது எல்லாமே தொமார்தான். இந்தச் சொல் இல்லாமல் இங்கே ஒரு நாள்கூட ஓடாது.

‘நான் குடிக்கிறேன்’ என்பது தோமோ. கடைசியில் உள்ள ஓ-வை வெட்டுங்கள். ‘தோம்’ மிச்சம். ஆர் என்று முடிகிற வினை என்பதால் சாதாரண நிகழ்காலத்தில் இதற்கு ஆ வரும்: தோமாஸ், தோமா, தொமாமோஸ், தோமான். சுப்ஹுந்தீவோவில் அந்த ஆ எழுந்துகொள்ள, ஏ வந்து உட்காரும்.

யோ தோமே (நான்)
தூ தோமெஸ் (நீ)
உஸ்தேத் தோமே (நீங்கள், அவன், அவள், அவருக்கும் இதுவே)
நொசோத்ரோஸ் தொமேமோஸ் (நாம்)
உஸ்தேதெஸ் தோமென் (நீங்கள் எல்லோரும், அவர்களுக்கும் இதுவே)

ஸ்பெயினில் நண்பர்கள் கூட்டத்தைப் பார்த்துப் பேச ‘தொமேய்ஸ்’ என்று இன்னொன்று உண்டு. மெக்சிகோவில் அது தேவைப்படாது.

ஏர், ஈர் என்று முடிகிற வினைகளில் இது தலைகீழ்: ஏ இருந்த இடத்துக்கு ஆ வரும். சாப்பிடுவதற்கான கொமேர், ‘கோமா, கோமாஸ், கோமா, கொமாமோஸ், கோமான்’ ஆகும். அவர்கள் சாப்பிடும்போது கோமான் ஆகிவிடுவது நமக்கு மட்டும் கிடைக்கிற சிரிப்பு. ஆனால் அதனாலேயே மறக்காது.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். தோமே என்பதில் அழுத்தம் ‘தோ’ மேல் விழ வேண்டும். ‘மே’ மேல் விழுந்தால் ‘நான் குடித்தேன்’ என்று பொருள் மாறிவிடும். எழுத்தில் ஒரு சின்னக் கோடுதான் வித்தியாசம்.

சரி, எங்கே பயன்படுத்துவது? முதலில், ஒருவரைத் தடுக்கும்போது. ‘நோ தோமெஸ் ஆகுவா தே லா யாவே’, குழாய்த் தண்ணீர் குடிக்காதே. இங்கே வந்து இறங்கியதுமே காதில் விழும் வாக்கியம் இது. குடிப்பதற்கு வீட்டில் 20 லிட்டர் கர்ராஃபோன் கேன் இருக்கும். என் வீட்டுக்கார அம்மா என்னிடம் ‘நோ தோமெஸ்’ என்பார். நான் அவரிடம் மரியாதையாக ‘நோ தோமே’ என்பேன்.

அடுத்தது ‘கே’, நம் ‘என்று’ போல இரண்டு வினைகளை இணைக்கிற சொல். இதுதான் பாடத்தின் உயிர். வாக்கியத்தில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ‘நான் காபி குடிக்க விரும்புகிறேன்’ என்பதில் ஒரே ஆள். ‘கியேரோ தொமார் கஃபே’ போதும். ‘நீ காபி குடிக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்’ என்பதில் விரும்புவது ஒருவர், குடிப்பது இன்னொருவர். அப்போது நடுவில் கே வரும், இரண்டாம் வினை மாறும்: ‘கியேரோ கே தோமெஸ் கஃபே’. தமிழில் இரண்டுக்கும் ‘குடிக்க’ என்றே ஓட்டிவிடுகிறோம். அதே பழக்கத்தில் ‘கியேரோ தூ தொமார்’ என்று வாய் போகும். போக விடாதீர்கள்.

டாக்டர் சொல்வதும் இதே வார்ப்புதான்: ‘லே ரெகொமியெந்தோ கே தோமே முச்சா ஆகுவா’, நீங்கள் நிறையத் தண்ணீர் குடிப்பது நல்லது. ‘எஸ்பேரோ கே’ (நம்புகிறேன்), ‘ஓஹலா’ (அப்படி நடக்கட்டும்) என்று தொடங்கினாலும் அப்படியே. ஓஹலா அரபியிலிருந்து ஸ்பானிஷுக்கு வந்த சொல். கே இல்லாமலும் வரும்.

ஒன்றை உண்மை என்று நீங்களே சொல்லும்போது மாற்றம் வேண்டாம். ‘கிரேயோ கே தோமா’, குடிக்கிறார் என்று நினைக்கிறேன். மறுத்தால் மாறும்: ‘நோ கிரேயோ கே தோமே’.

நமக்கு உண்மையில் கஷ்டம் தருவது ‘குவாந்தோ’ (‘எப்போது, அப்போது’ என்பதில் வரும் ‘போது’). ‘குவாந்தோ தோமோ கஃபே, நோ துவெர்மோ’, காபி குடித்தால் எனக்குத் தூக்கம் வராது. இது வழக்கம், அதனால் சாதாரண நிகழ்காலம். ‘குவாந்தோ தோமெஸ் லா பஸ்தீயா, அவீசமே’, மாத்திரை போட்டதும் சொல்லு. இன்னும் போடவில்லை, அதனால் சுப்ஹுந்தீவோ. தமிழில் ‘போட்டதும்’ என்று இறந்தகாலச் சாயலில் சொல்வதால், ஸ்பானிஷிலும் இறந்தகாலத்தைத் தேடத் தோன்றும். நடந்துவிட்டதா என்று ஒரு கணம் கேட்டுக்கொண்டால் குழப்பம் தீரும்.

காது பழக விரும்புகிறவர்கள் செப்டம்பர் 15 இரவு மெக்சிகோ நகரத்து அரண்மனை மாடத்திலிருந்து ஜனாதிபதி எழுப்புகிற முழக்கத்தைக் கேளுங்கள். மிகேல் இதால்கோ என்ற பாதிரியார் 1810-இல் விடுதலைக்காக விடுத்த அறைகூவலின் நினைவாக நடப்பது அது. விடுதலை வீரர்கள் பலர் என்பதால் ‘விவான்’, நாடு ஒன்று என்பதால் ‘விவா மெஹிகோ’. ‘விவீர்’ என்ற ஒழுங்கு வினையின் சுப்ஹுந்தீவோதான் இரண்டும். நம் ‘வாழ்க’வும் இதே வேலையைத்தான் செய்கிறது.

‘யேகார்’ (வந்து சேர்வது), ‘புஸ்கார்’ (தேடுவது) போன்றவை எழுத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஒலியில் யேகே, புஸ்கே என்று ஒழுங்காகவே வரும். அந்தக் க ஒலியைக் காப்பாற்றத்தான் எழுத்து மாறுகிறது. பேசுகிறவருக்கு அது கவலையே இல்லை.

இனி நீங்களே சொல்லிப் பாருங்கள். விடை கீழே.

அம்மா மருந்து சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன்.
பஸ் ஏறியதும் மெசேஜ் அனுப்பு.
மழை பெய்தால் டாக்ஸி பிடிப்போம்.

முதலாவது: கியேரோ கே மி மமா தோமே லா மெதிசீனா. இரண்டாவது: குவாந்தோ தோமெஸ் எல் கமியோன், மாந்தமே உன் மென்சாஹே. (இங்கே பஸ்ஸுக்குக் கமியோன் என்றுதான் பெயர், ஸ்பெயினில் அது லாரி.) மூன்றாவது: சி யுவேவே, தொமாமோஸ் உன் தாக்சி. இதில் ‘தொமேமோஸ்’ என்று சொல்லியிருந்தால், ‘பிடிப்போம் வா’ என்று அழைப்பதாக ஆகும்; அதுவும் சரியே. ஆனால் ‘சி’க்குப் பக்கத்திலுள்ள ‘யுவேவே’யை மட்டும் தொடாதீர்கள். ‘ஆல்’ என்ற பொருளில் வரும் சி-க்குப் பின்னால் நிகழ்கால சுப்ஹுந்தீவோ வராது.