நெத்திலிக் கருவாட்டில் லாப நட்டக் கணக்கு: முதலாண்டு மாணவர்களுக்குப் படிப்படியாக

பி.காம்., பி.பி.ஏ., பொருளியல், சமூகவியல் என்று எதில் சேர்ந்தாலும் முதல் பருவத்தில் சதவீதம், சராசரி, நேரியல் சமன்பாடு மூன்றும் வந்துவிடும். மூன்றையும் தனித்தனியாகப் படித்தால் சூத்திரம்தான் நினைவில் நிற்கும். ஒரே தொழிலின் கணக்கை ஆரம்பம் முதல் முடிவு வரை போட்டால் எது எங்கே தேவைப்படுகிறது என்பது பிடிபடும். பாம்பன், மண்டபம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த நெத்திலிக் கருவாட்டையே எடுத்துக்கொள்வோம். விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஏல விலை நாளுக்கு நாள் மாறும். மாறினால் எண்ணை மட்டும் மாற்றுங்கள், வழி அதேதான்.

படி 1: மீன் என்ன விலைக்கு விழுந்தது?

பாம்பன் கரையில் 60 கிலோ, கிலோ 90 ரூபாய். மண்டபத்தில் 40 கிலோ, கிலோ 115 ரூபாய். 90-ஐயும் 115-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 102.50 வரும். அது தவறு. குறைந்த விலையில் அதிக மீன் வாங்கியிருக்கிறோம். அந்த விலைக்குத்தான் எடை கூடுதல்.

(60 × 90) + (40 × 115) = 5,400 + 4,600 = 10,000 ரூபாய்
10,000 ÷ 100 கிலோ = கிலோவுக்கு 100 ரூபாய்

இதுதான் எடையிட்ட சராசரி. சமூகவியல் மாணவர்கள் கள ஆய்வில் இதே இடத்தில்தான் சறுக்குவார்கள். ஒரு குப்பத்தில் 40 வீடு, சராசரி மாத வருமானம் 12,000. இன்னொன்றில் 160 வீடு, சராசரி 9,000. மொத்தச் சராசரி 10,500 அல்ல, 9,600.

படி 2: 100 கிலோ மீன் எத்தனை கிலோ கருவாடு ஆகும்?

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பச்சை நெத்திலியில் 75% ஈரம், காய்ந்த பிறகு 20% ஈரம் என்று வைத்துக்கொள்வோம். 75-லிருந்து 20-ஐக் கழித்து, "55 கிலோ போனது, 45 கிலோ மிச்சம்" என்று எழுதுபவர்களே அதிகம். இரண்டு சதவீதமும் ஒரே எடையின் மேல் எடுத்தவை அல்ல. 75% என்பது பச்சை மீனின் எடையில். 20% என்பது கருவாட்டின் எடையில். அடித்தளம் வேறானால் கழிக்கவே கூடாது.

மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெயிலில் போவது தண்ணீர். ஈரம் போக மீதியை இங்கே சதை என்போம்; அது அப்படியே இருக்கிறது.

100 கிலோ மீனில் சதை = 25 கிலோ
கருவாட்டில் சதையின் பங்கு = 80%
கருவாட்டின் எடை = 25 ÷ 0.80 = 31.25 கிலோ

அதாவது ஒரு கிலோ கருவாட்டுக்கு 3.2 கிலோ பச்சை மீன் வேண்டும். 45 கிலோ வரும் என்று நம்பி விலை பேசியவர் கிலோவுக்கு ஏறத்தாழ 98 ரூபாய் மீன் செலவைக் கணக்கில் விட்டிருப்பார். (உப்பிடாத நெத்திலிக்குத்தான் இந்தக் கணக்கு. உப்புக் கருவாடு என்றால் சதையோடு ஏறிய உப்பின் எடையையும் சேர்க்க வேண்டும்.)

படி 3: இரண்டு வகைச் செலவு

சரக்கு கூடக் கூடக் கூடுவது மாறும் செலவு. ஒரு கிலோ கருவாட்டுக்கு:

மீன்: 3.2 × 100 = 320
கழுவி, பரப்பி, அள்ளும் கூலி: 20
பை, வண்டி: 10
மொத்தம்: 350 ரூபாய்

களத்து வாடகை, காவல் கூலி, வலை, தார்ப்பாய்க்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து மாதம் 15,000. இது மாறாச் செலவு; ஒரு கிலோகூட விற்காவிட்டாலும் கொடுத்தாக வேண்டும்.

ஒரு செலவு எந்த வகை என்று சந்தேகமா? "இன்றைக்கு மீன் எடுக்கவில்லை என்றால் இந்தக் காசு மிஞ்சுமா?" என்று கேளுங்கள். மிஞ்சினால் மாறும் செலவு.

படி 4: லாப நட்டமில்லாப் புள்ளி

விற்பனை விலை கிலோ 450. விற்கும் கிலோவை x என்று வைத்தால்,

வரவு = 450x
செலவு = 15,000 + 350x

இரண்டும் சமமாகும் இடத்தில் 100x = 15,000; x = 150 கிலோ. சரிபார்க்க: வரவு 67,500, செலவு 15,000 + 52,500 = 67,500. வரைபடத்தில் இரு கோடுகளும் வெட்டுவது (150, 67,500) என்ற புள்ளியில்.

450 − 350 = 100 என்பது பங்களிப்பு. ஒவ்வொரு கிலோவும் வாடகையை அடைக்க இந்த நூறைத் தருகிறது. கால்குலேட்டரில் 15000 ÷ 450 − 350 என்று நேராகத் தட்டினால் −316.67 வரும், ஏனென்றால் வகுத்தல் முதலில் நடந்துவிடும். அடைப்புக்குறி போடுங்கள்: 15000 ÷ (450 − 350).

150 என்பது கருவாட்டுக் கிலோ என்பதையும் மறக்க வேண்டாம். ஏலத்தில் எடுக்க வேண்டியது 150 × 3.2 = 480 கிலோ மீன்.

படி 5: மீன் விலை 20% ஏறினால்?

மீன் கிலோ 120. மாறும் செலவு 3.2 × 120 + 30 = 414. பங்களிப்பு 36 ரூபாய்தான். 15,000 ÷ 36 = 416.67, அதாவது 417 கிலோ. கிலோக் கணக்கில் பேசும்போது எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்குங்கள். 416-இல் இன்னும் கொஞ்சம் நட்டம் இருக்கிறது.

மீன் விலை ஏறியது ஐந்தில் ஒரு பங்கு. விற்க வேண்டிய சரக்கோ இரண்டே முக்கால் மடங்குக்கும் மேல். பங்களிப்பு வகுக்கும் இடத்தில் இருப்பதால், அது சுருங்கச் சுருங்க விடை வேகமாக எகிறும். இந்தப் பாடத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் ஆழமாகப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

படி 6: வாடை மழையில் சரக்கு கெட்டால்

வடகிழக்குப் பருவமழையில் 10% கருவாடு பூஞ்சை பிடித்து வீணாகிறது என்போம். மீன் விலை பழையபடி 100 ரூபாய் என்றால் மீனும் கூலியும் 340; இதில் 10% கூட்டி 374 என்று எழுதாதீர்கள். கிலோவுக்கு 900 கிராம்தான் விலைபோகிறது, ஆகவே 340 ÷ 0.9 = 377.78. கெட்டதைப் பையில் போடுவதில்லை என்பதால் பை, வண்டிச் செலவு 10 மட்டும் தனியே. மொத்தம் 387.78, பங்களிப்பு 62.22, விற்க வேண்டியது 242 கிலோ.

படி 7: தடைக்கால மாதங்கள்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. நாள் எண்ணும்போது 30-இலிருந்து 15-ஐக் கழித்து ஏப்ரலுக்கு 15 என்று எழுதினால் ஒரு நாள் விட்டுப்போகும்; முதல் நாளும் சேரும், ஆகவே 16. 16 + 31 + 14 = 61 நாள்.

இந்த இரண்டு மாதமும் களம் சும்மா கிடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் வாடகை நிற்காது. ஆண்டு மாறாச் செலவு 12 × 15,000 = 1,80,000. அதை வியாபாரம் நடக்கும் 10 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 18,000. படி 4-இன் விலைகளிலேயே லாப நட்டமில்லாப் புள்ளி 150-லிருந்து 180 கிலோவாகிறது.

நீங்களே போட்டுப் பார்க்க: மீன் விலை 100 ரூபாயே, விற்பனை விலை மட்டும் 430 ஆக இறங்குகிறது, மாறாச் செலவு மாதம் 18,000. விடை 225 கிலோ கருவாடு, 720 கிலோ பச்சை மீன். 225 வந்து 720 வராவிட்டால் படி 2-ஐத் திரும்பப் போடுங்கள்.