கீசர் சுடவில்லையா? காயிலை மாற்றும் முன் அளந்து பாருங்கள்

உறைபனிக் காலத்தில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் விடிந்ததும் வீட்டுக்கு வீடு கீசர் ஓடும். தண்ணீர் சுட நேரமானால், உள்ளே சூடாக்கும் காயில் போய்விட்டது என்று உடனே புதுசு வாங்கி மாட்டிவிடுகிறார்கள். அந்தச் செலவுக்கு முன் வோல்டேஜையும் கரண்டையும் அளந்துவிடுங்கள். குறை கீசரிலா, ஒயரிலா என்று தெரிந்துவிடும்.

மின்தடை (ஓம்) = வோல்ட் ÷ ஆம்பியர்
மின்திறன் (வாட்) = வோல்ட் × ஆம்பியர்

230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கும் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும். காயிலின் தடை 26.4 ஓம். இதில் சற்றுக் கூடக்குறைய இருப்பது சகஜம்.

கரண்ட் அளக்க, ஒயரை வெட்டாமல் சுற்றிப் பிடித்து அளக்கும் கிளாம்ப் மீட்டரே நல்லது. பேஸ் ஒயர் ஒன்றை மட்டும் கிளாம்புக்குள் விடுங்கள். பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம்தான் காட்டும். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை ஆம்பியர் துளையில் செருகியபடி வோல்டேஜ் பார்த்தால் நேரடி ஷார்ட்; மீட்டரோடு கையும் போகும். ஈரத் தரையில் நின்று அளக்கவே கூடாது. பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லி, எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கீசர் ஓடும்போது பிளக்கில் 198 வோல்ட், 7.5 ஆம்பியர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 198 ÷ 7.5 = 26.4 ஓம். காயிலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 198 × 7.5 = 1485 வாட்தான் கிடைக்கிறது. வோல்டேஜ் 14 சதவீதம் இறங்கினால் கரண்டும் கூடவே இறங்கும், அதனால் சூடு 26 சதவீதம் குறைந்துவிடுகிறது. 14 டிகிரி குளிரில் இருக்கும் 15 லிட்டரை 44 டிகிரிக்குக் கொண்டுவர 16 நிமிடம் போதும் என்றிருந்தது 21 நிமிடம் ஆகும்.

அந்த வோல்டேஜ் எங்கே போகிறது? பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932 முதல் மின்சாரம் எடுக்கும் மலைதான். ஆனாலும் லைன் கடைசியில் இருக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் இறங்கித்தான் வரும். அதை மட்டும் குறை சொல்லி நிறுத்திவிடாதீர்கள், வீட்டுக்குள்ளும் பாருங்கள். கீசரை அணைத்து ஒருமுறை, போட்டு ஒருமுறை, மெயின் போர்டிலும் பிளக்கிலும் அளக்க வேண்டும். பக்கத்து வீட்டு லோடும் ஏறி இறங்குவதால் மூன்று முறை எடுங்கள்.

நம் உதாரண வீட்டில் அணைத்திருக்கும்போது இரண்டு இடத்திலும் 214 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். போட்டதும் போர்டில் 209, பிளக்கில் 198. வீட்டு ஒயரிங்கில் மட்டும் 11 வோல்ட் போகிறது. 11 ÷ 7.5 = 1.47 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 20 மீட்டர் ஓடினால், போக வர 40 மீட்டருக்கும் 0.3 ஓம்தான் இருக்க வேண்டும். மீதி, மெல்லிய ஒயரிலோ லூஸ் கனெக்‌ஷனிலோ இருக்கிறது. 11 × 7.5 = 82 வாட் அங்கே வீணாகச் சூடாகிறது. அது ஒரே ஸ்க்ரூவில் என்றால் சாக்கெட் உருகிவிடும்.

மெயினை அணைத்து சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். ஒயர் முனை கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டி, புது 16 ஆம்பியர் சாக்கெட்டில் இறுக்குங்கள். ஒயரே மெல்லியதாக இருந்தால் மாற்றத்தான் வேண்டும். போர்டுக்கு முன்பே அதிகம் இறங்கினால் குறை, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயர் பக்கம். மின்வாரியத்தில் சொல்லுங்கள், நீங்கள் தொடாதீர்கள்.

இந்தக் கணக்கை மோட்டாருக்கு அப்படியே போடாதீர்கள். மோட்டாரில் வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காது (இதைத்தான் பவர் பேக்டர் என்கிறார்கள்); அதனால் உண்மையான வாட் குறைவாக இருக்கும். குண்டு பல்புக்கும் இந்தத் தடைக் கணக்கு சரிவராது, எரியும்போது தடை பல மடங்கு ஏறும். கீசர் காயிலில் அந்த வித்தியாசம் மிகக் குறைவு. எனவே பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதன் முனைகளில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தாலும் அதே 26 வரும். ஒன்றுமே காட்டாவிட்டால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டோ சூடு மீறினால் துண்டிக்கும் கட்-அவுட்டோ திறந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் காயிலைச் சந்தேகிக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் மறுபடி அளங்கள். போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவே 2, 3 வோல்டுக்கு மேல் இறங்கினால் இன்னொரு ஜாயின்ட் எங்கோ பாக்கி இருக்கிறது.