சென்னை வெயிலில் தாவல் விளையாட்டு திணறாமல் இருக்க

லேப்டாப்பில் 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' போல நகரம் முழுக்கத் தாவித் திரியும் விளையாட்டை ஆடும்போது, ஃப்ரேம் ரேட்டை (ஒரு விநாடியில் திரையில் வரையப்படும் படங்களின் எண்ணிக்கை) 60-க்குக் கட்டுப்படுத்திவிடுங்கள். விளையாட்டின் அமைப்புகளில் அந்த வசதி இல்லையென்றால், என்விடியா கிராஃபிக்ஸ் சிப் உள்ள லேப்டாப்பில், என்விடியா கண்ட்ரோல் பேனலில் 'மேக்ஸ் ஃப்ரேம் ரேட்' இருக்கிறது.

வரம்பு வைக்காவிட்டால் கிராஃபிக்ஸ் சிப் தன் முழு வலிமையையும் செலவிட்டு எத்தனை ஃப்ரேம் முடியுமோ அத்தனையையும் வரைந்துகொண்டே இருக்கும். கத்திரி வெயிலில், ஏசி இல்லாத சென்னை அறையில், அதனால் எழும் சூடு வெளியேற வழியில்லை. சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், படம் விட்டுவிட்டு ஓடும். ஊஞ்சல் வீச்சில் வலையை எந்தக் கணத்தில் விடுகிறோம் என்பதே வேகத்தையும் உயரத்தையும் தீர்மானிக்கிற விளையாட்டில் இது பெரிய தொல்லை. 60-இல் நிறுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமும் சுமார் 16.7 மில்லி விநாடி இடைவெளியில் சீராக வரும். விசிறி இரைச்சலும் மின்செலவும் குறைவது கூடுதல் லாபம்.

உங்கள் லேப்டாப் 60-ஐயே எட்டவில்லையென்றால் இதனால் பயனில்லை. 30-க்குக் கட்டுப்படுத்துங்கள், அல்லது நிழல்களின் தரத்தைக் குறையுங்கள். வேகமாகப் பறக்கும்போது மட்டும் படம் உறைந்தால், பழைய ஹார்ட் டிஸ்க் காரணமாக இருக்கலாம். அதற்கு விளையாட்டை எஸ்எஸ்டி-க்கு (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) மாற்றிப் பாருங்கள்.