ரிப்போர்ட்டில் எம்கேட் குறைபாடு என்று வந்தால் வீட்டில் செய்ய வேண்டியவை

இங்கிலாந்தில் என் அக்காவுக்குப் பையன் பிறந்த ஐந்தாம் நாள், குதிகாலில் குத்தி ஒரு அட்டையில் நாலு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். எல்லாக் குழந்தைக்கும் எடுப்பதுதானே என்று நாங்கள் மறந்தே போனோம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மருத்துவமனையிலிருந்து போன்: "குழந்தை கடைசியாக எப்போது பால் குடித்தான்?" முதல் கேள்வியே அதுதான். பையனுக்கு எம்கேட் குறைபாடு, அதாவது கொழுப்பை எரிக்க உதவும் ஒரு நொதி பிறவியிலேயே சரியில்லாத நோய். ஏன் அதைக் கேட்டார்கள் என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

ஏசிஏடிஎம் என்பது முதலாம் குரோமோசோமில் இருக்கிற மரபணு. அது சொல்லித்தான் எம்கேட் என்ற நொதி உருவாகிறது. சாப்பிட்டுப் பல மணி நேரம் ஆனபின், கல்லீரலில் சேர்த்து வைத்த சர்க்கரை தீரத் தீர, உடம்பு கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். கொழுப்பு அமிலச் சங்கிலியை இரண்டிரண்டு கார்பனாக வெட்டிக்கொண்டே போகும்போது நடுத்தர நீளத்துக்கு வந்ததும் வேலை எம்கேட் கைக்குப் போகும். அந்த நொதி சரியில்லை என்றால் வேலை அங்கேயே நிற்கும்: மூளைக்கு மாற்று எரிபொருளான கீட்டோன் போதுமான அளவு உண்டாகாது, இருக்கிற சர்க்கரையும் வேகமாகக் கரையும், எட்டுக் கார்பன் துண்டுகள் ரத்தத்தில் தேங்கும். அந்த அட்டையில் தேடியதே அதைத்தான். இங்கிலாந்தில் ஏறத்தாழ 10,000 குழந்தைகளில் ஒன்றுக்கு இது உண்டு.

மரபணு ரிப்போர்ட்டை வாங்கினால் பயந்துவிடாதீர்கள். வட ஐரோப்பியரிடம் அதிகம் காணப்படும் மாற்றம், 985-ஆவது எழுத்தில் ஏ இருக்க வேண்டிய இடத்தில் ஜி இருப்பது. அதனால் நொதியில் மாறும் இடத்தை ஒரு ரிப்போர்ட் 304 என்றும் இன்னொன்று 329 என்றும் எழுதும், நாங்கள் இரண்டு கோளாறு என்று நினைத்து ஒரு ராத்திரி தூங்கவில்லை. அது எண்ணும் முறையில் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். உங்கள் ரிப்போர்ட்டில் வேறு மாற்றம் இருந்தால் அதன் தீவிரத்தை மரபணு ஆலோசகரிடமே கேளுங்கள், கூகுளில் தேடாதீர்கள்.

சரி, வீட்டு விஷயம். நன்றாக இருக்கும் நாட்களில் இந்தப் பிள்ளை எல்லாப் பிள்ளையையும் போலத்தான். வழக்கமான சாப்பாடு போதும், கொழுப்பைக் குறைக்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது கடிகாரத்தைத்தான். இங்கிலாந்தில் சொல்லும் கணக்கு, உடம்பு நன்றாக இருக்கும்போது ஆறு மாதத்திலிருந்து ஒரு வயது வரை அதிகபட்சம் 8 மணி நேர இடைவெளி, இரண்டாம் வயதில் 10, அப்புறம் 12. அதற்கும் சின்னக் குழந்தைக்கு இடைவெளி இன்னும் குறைவு, டாக்டர் சொல்வதே கணக்கு. தூங்குகிற பிள்ளையை எழுப்பவா என்று பாவம் பார்க்காதீர்கள், எழுப்புங்கள்.

தேங்காய் பற்றி எல்லாரும் கேட்பார்கள். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த நடுத்தரச் சங்கிலிக் கொழுப்புதான், அதனால் அதைச் சமையல் எண்ணெயாக வைத்துக்கொள்ள வேண்டாம். இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் சட்னி எவ்வளவு என்பதை உணவியல் நிபுணரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எம்சிடி ஆயில் (நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு எண்ணெய்) என்று ஜிம்காரர்கள் குடிப்பது, அது சேர்த்த பால் பவுடர், இரண்டும் அறவே கூடாது.

உண்மையான ஆபத்து காய்ச்சலும் வாந்தியும் வரும் நாளில். "லங்கணம் பரம ஔஷதம்" என்று பாட்டி சொல்வார், வயிற்றைக் காயப்போட்டால் சரியாகிவிடும் என்பார். இந்தப் பிள்ளைக்கு அதுதான் எமன். பிள்ளை வழக்கம்போல் சாப்பிடவில்லை என்று தெரிந்ததுமே அவசரப் பானம் தொடங்க வேண்டும். இது குளுக்கோஸ் பாலிமர் மாவைத் தண்ணீரில் கலப்பது. அளவு வயதைப் பொறுத்தது, ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு வழக்கமாக 100 மில்லியில் 15 கிராம். உங்கள் குழந்தைக்கான அளவை எழுதி வாங்கி அடுப்படியில் ஒட்டிவையுங்கள். இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். குடிக்க மறுத்தாலோ, வாந்தியாக எடுத்தாலோ, துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ அப்படியே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். விரலில் குத்திப் பார்க்கும் மெஷினில் சர்க்கரை சரியாக இருக்கிறது என்று வீட்டிலேயே உட்காராதீர்கள். சர்க்கரை இறங்குவது கடைசியில் தெரியும் அறிகுறி, அதற்கு முன்பே பிள்ளை மோசமாகியிருக்கலாம். ஒரு தடவை ராத்திரி அவசரப் பிரிவில் எங்களை வரிசையில் உட்காரச் சொல்லிவிட்டார்கள், அக்கா பையிலிருந்து நிபுணரின் கடிதத்தை எடுத்து நீட்டிய பிறகுதான் குளுக்கோஸ் டிரிப் ஏறியது. அந்தக் கடிதத்தின் நகல் கைப்பையில் ஒன்று, காரில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, போனில் ஒரு போட்டோ. அறுவை சிகிச்சைக்கு முன் வெறும் வயிற்றோடு வரச் சொன்னாலும் இதைக் காட்டுங்கள். பெரியவனான பின் விரதம், குடி இரண்டும் இதே ஆபத்துதான்.

அப்புறம், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான பிரதி வந்தால்தான் இந்த நோய் வரும், ஒவ்வொரு பிரசவத்திலும் அதற்கு நாலில் ஒரு வாய்ப்பு. மூத்த பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று விட்டுவிடாமல் அவளுக்கும் ரத்தம் கொடுத்துப் பாருங்கள், அடுத்தது பிறக்கப் போகிறது என்றால் பிரசவத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவையுங்கள்.